ஆட்டு மூளை ஊசியும் நரம்பு மண்டல நோய்களும்

நோய் விளைக்கும் நுண்ணுயிர்களை எதிர்த்து நிற்கும் ஆற்றல் நம் உடலில் இயல்பாகவே அமைந்துள்ளது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அயற்பொருளைக் கண்டறிகின்றன. அதற்கேற்ற எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. ஒருமுறை கண்ட பகையை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. தடுப்பூசிகள் யாவும் இந்நினைவாற்றலை அடிப்படையாகக் கொண்டவையே. ஆயினும் இக்காவல் முறை பயன்படுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தன்னுடையது எது, அயலானது எது என்னும் வேறுபாட்டை அது பிறழாமல் அறிதல் வேண்டும். அவ்வறிவு பிறழுமாயின், நோயைத் தாக்க எழுந்த படை உடலையே தாக்கத் தொடங்கும். இவ்வாறு தோன்றும் நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர்.

மூட்டுகள், தைராய்டு சுரப்பி, தோல் எனப் பல உறுப்புகளில் இந்நோய்கள் தோன்றலாம். அவை மூளையையும் நரம்புகளையும் பற்றும்பொழுது விளையும் கேடு பெரிது. நேற்றுவரை நடந்து திரிந்தவர் இன்று கால் அசைக்க இயலாமற் கிடப்பார், பார்வை மங்கும், சிறுநீர் கட்டும், சிலரிடம் அறிவே தடுமாறும். இத்தகைய நோய்களின் காரணத்தை அறிவியல் உலகம் கற்றறிந்ததில், இந்தியாவில் உருவான ஒரு தடுப்பூசிக்குப் பெரும்பங்கு உண்டு. வெறிநாய்க்கடிக்காக ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட ஊசி அது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியின் குன்னூரில் அது பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்டது. வாளையாறு, சித்தூர், அட்டப்பாடி முதலிய பாலக்காட்டு எல்லையூர்களிலும், மறையூர், மூணாறு, குமுளி முதலிய இடுக்கி மலையூர்களிலும் வாழும் முதியோர்க்கு, "வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்று சொன்னாலே போதும். எதைக் குறிக்கின்றோம் என்பது விளங்கிவிடும். அவ்வூசியின் வரலாற்றையும், அது வெளிப்படுத்திய உண்மையையும் ஈண்டுக் காண்போம்.

நரம்பும் அதன் உறையும்

மின் கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பது போல, நம் நரம்பு இழைகளுள் பலவற்றின் மேல் கொழுப்பும் புரதமும் கலந்த ஓர் உறை சுற்றப்பட்டுள்ளது. இதற்கு மயலின் என்று பெயர். மூளையின் உட்பகுதி வெண்ணிறமாகத் தோன்றுவது இவ்வுறையினாலேயே. உறை செம்மையாக உள்ள இழையில் செய்தி நொடிக்குப் பல பத்து மீட்டர் தொலைவு பாய்கின்றது. உறை சிதையின் செய்தி தயங்குகின்றது. சில இடங்களில் முற்றிலும் நின்றுவிடுகின்றது. கம்பி அறுபடாமல் இருக்கும்பொழுதே விளக்கு அணைவதைப் போன்ற நிலை இது. இழை அறுபடாமல் இருப்பதால், உறை மீண்டும் வளருமாயின் நோயாளி எழுந்து நடக்கவும் கூடும். பின்னர் வரும் செய்திகளை விளங்கிக்கொள்ள இதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. இரத்தத்தில் உலவும் பொருள்கள் எல்லாம் மூளைக்குள் தடையின்றிப் புகுந்துவிட முடியாது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் செறிவான தடுப்பாக அமைந்துள்ளது. ஆகவே மயலினின் புரதங்களை உடலின் காவற்படை இயல்பு நிலையில் அதிகம் சந்திப்பதில்லை. பழகாத இப்பொருளை, மூளைக்கு வெளியே, ஊசியின் வழியாக, நாள்தோறும் உடலிற் செலுத்தினால் என்னவாகும்? அக்கேள்வியை யாரும் கேட்காமலேயே, இலட்சக்கணக்கான மனிதர்களிடம் அச்சோதனை நடந்தேறியது.

குன்னூருக்குச் சென்ற வழி

வெறிநாய்க்கடியின் வைரஸ் நரம்பு வழியாக மூளையை அடைகின்றது. நோய்க்குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே கூறலாம். ஆனால் கடிபட்ட நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை இடைவெளி உண்டு. அவ்விடைவெளிக்குள் உடலுக்கு எதிர்ப்பாற்றலை ஊட்டிவிடலாம் என்று கண்டவர் லூயி பாஸ்டர். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்தை அவர் முதன்முதலாகச் செலுத்துவித்தார். அச்சிறுவன் பிழைத்தான்.

இந்தியாவில் இச்சிகிச்சைக்கென முதல் நிலையம் 1900-ஆம் ஆண்டில் இமயத்தின் அடிவாரத்திலுள்ள கசௌலியில் அமைந்தது. தெற்கே கடிபட்டவர் அத்துணைத் தொலைவு செல்லல் எளிதன்று. எனவே 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. பீகாரிலுள்ள பூசா வேளாண்மை நிலையத்திற்குப் பொருளுதவி செய்த ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையே இதற்கும் உதவியது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கியிருந்தது. ஆதலின் அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டு மக்கள் போத்தனூர், கோயம்புத்தூர் வழியாகக் குன்னூரை அடைவது இயன்றது. திருவிதாங்கூரின் உயர்மலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வழி அவ்வளவு எளிதாய் இருந்திருக்க முடியாது. தேவிகுளத்திலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கவே ஒரு நாள் வேண்டும். போடிக்கு ரயில் வந்ததோ 1928-ஆம் ஆண்டில்தான். குன்னூரிலும் இரு வாரங்கள் தங்குதல் வேண்டும். அந்நாட்களின் கூலியை இழப்பதும் செலவின் ஒரு பகுதியே.

இத்தொல்லையைக் குறைத்தவர் கசௌலி நிலையத்தின் தலைவராயிருந்த டேவிட் செம்பிள் என்னும் இராணுவ மருத்துவர். பாஸ்டரின் முறையில் மருந்தை அன்றன்று புதிதாகச் செய்தல் வேண்டும். அது குற்றுயிரான வைரஸையும் கொண்டிருந்தது. செம்பிள், வைரஸ் ஏற்றப்பட்ட விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் கலந்து, உடல் வெப்ப நிலையில் வைத்து வைரஸை முற்றிலும் கொன்றார். இம்மருந்தைப் புட்டிகளில் அடைத்துத் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம். நோயாளி மருந்தைத் தேடிச் செல்வது போய், மருந்து நோயாளியைத் தேடி வரத் தொடங்கியது. 1911-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, ஊறற்ற ஊசி என்னும் பொருள்பட ஒரு சொல் இடம்பெற்றிருந்தது. வைரஸைப் பொறுத்தவரை அச்சொல் பொருத்தமானதே. முதலில் முயலின் மூளையும், பின்னர் அளவில் பெரிதாகிய ஆட்டின் மூளையும் இதற்குப் பயன்பட்டன. நம் நாட்டின் நிலையங்கள் மட்டுமன்றிப் பல கீழை நாடுகளும் இம்முறையையே மேற்கொண்டன.

அவ்வூசியின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மூளை. நாள் ஒன்றுக்கு 5 மில்லி லிட்டர் வீதம் 14 நாட்கள் செலுத்தினால் மொத்தம் 70 மில்லி லிட்டர் ஆகும். அதிலுள்ள மூளைப் பொருள் மூன்றரை கிராம். கடுங்காயங்களுக்கு இதனினும் மிகுதியாகச் செலுத்தப்பட்டது. இத்துணை மருந்தை ஏற்க இடம் வேண்டுமே! அதனாலேயே வயிற்றின் தோலுக்கடியில், நாளுக்கோர் இடமாக மாற்றி மாற்றி ஊசி குத்தினர். வலியைக் காட்டிலும், அந்த மூன்றரை கிராம் மூளைப் பொருளே நம் கவனத்திற்குரியது.

கைகால் விழுந்த நோயாளிகள்

பாஸ்டரின் காலத்திலேயே, ஊசி போட்டுக்கொண்டவர்களுள் சிலர் வாதமுற்றனர் என்னும் செய்திகள் வந்தன. டாஞ்சியர் நகரில் பணியாற்றிய ரெம்லிங்கர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் தொகுக்கத் தொடங்கினார். நிலையங்களிற் பலர், தம் பெயருக்கு இழுக்கு நேருமென்று இவற்றை வெளியிடத் தயங்கினர் என்று கருத இடமுண்டு. பின்னாளில் நாட்டுக்கு நாடு வெளிவந்த எண்கள் பெரிதும் வேறுபடுகின்றன. ஊசி போட்டுக்கொண்ட சில நூறு பேரில் ஒருவர் என்றும், பல்லாயிரம் பேரில் ஒருவர் என்றும் இரு வகையாகவும் அறிக்கைகள் உள்ளன. மருந்திலிருந்த மூளையின் அளவு, செலுத்திய நாட்கள், நோயாளிகளைப் பின்தொடர்ந்து விசாரித்த கவனம் ஆகிய யாவும் இவ்வேற்றுமைக்குக் காரணமாம்.

நோய் தோன்றிய விதம் ஏறத்தாழ ஒன்றே. ஊசிகள் பாதிக்குமேல் முடிந்த பின்னர், பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், தலைவலியும் காய்ச்சலும் காணும். சிலருக்கு முன்னர்க் குத்திய இடங்கள் மீண்டும் சிவந்து தடிக்கும். அதன்பின் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் கோணும். சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுச் சிறுநீர் கட்டும். சிலருக்குக் கால்களில் தொடங்கிய தளர்ச்சி மேலேறி மூச்சுத் தசைகளையும் பற்றும். சிலர் மூளை அழற்சியால் நினைவிழப்பர். பலர் தேறினர், சிலர் ஊனமுற்றனர், சிலர் இறந்தனர்.

இங்கு மருத்துவருக்கு ஏற்பட்ட இக்கட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெறிநாய்க்கடி நோய் என்றதும், தண்ணீரைக் கண்டு அஞ்சி நடுங்கும் தோற்றமே நம் மனத்தில் எழும். மலையாள மக்கள் பேப்பட்டி என்று குறிப்பிடும் வெறிநாயின் தோற்றமும் அத்தகையதே. ஆனால் அந்நோய் மனிதருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி அதற்கு மேலும், சீற்றமின்றி வாத வடிவில் தோன்றுகின்றது. நாய் கடித்து, ஊசியும் போட்டு, மூன்றாம் வாரத்தில் கால் தளர்ந்து வருபவரைத் தாக்கியது வெறிநோயின் வாதமா, ஊசியின் வாதமா? முன்னதாயின் மரணம் உறுதி. பின்னதாயின் மீட்சிக்கு வாய்ப்புண்டு. ஊசியை நிறுத்தினால் வெறிநோய்க்கு இடம் கொடுத்ததாகுமோ என்னும் அச்சம். நிறுத்தாவிடின் வாதத்தை வளர்த்ததாகுமே என்னும் கவலை. தளர்ச்சி கடிபட்ட உறுப்பிலிருந்தே தொடங்கியதா, கடிவாயில் எரிச்சலும் அரிப்பும் உண்டா, தசையைச் சுத்தியலால் தட்டினால் தட்டிய இடம் மேடாக எழுந்து அடங்குகின்றதா என்பவற்றை நோக்கி மருத்துவர் முடிவு செய்ய முயன்றனர். இவையெல்லாம் வெறிநோயின் பக்கம் சாயும் குறிகள். காந்தப் படக் கருவியோ, நுண்ணிய ஆய்வுகளோ இல்லாத மாவட்ட மருத்துவமனையில் இம்முடிவை எடுத்தவர்களின் பொறுப்பு எளியதன்று.

இவ்விக்கட்டில் ஓர் எளிய விதி பேருதவி புரிந்தது. கடித்த நாயைக் கொல்லாமல் பத்து நாட்கள் கட்டி வைத்துப் பார்த்தல் வேண்டும் என்பதே அது. வைரஸ் எச்சிலில் வெளிப்படும் நிலையை அடைந்த நாய் பத்து நாட்களுக்கு மேல் நலமாக வாழாது. நாய் பிழைத்திருப்பின் எஞ்சிய ஊசிகளை நிறுத்திவிடலாம். வாதம் தோன்றும் காலமோ இரண்டாம் வாரம். ஆதலின் பழைய ஊசியின் காலத்தில் இவ்விதி ஒரு வகையில் இருமடங்கு பயனுடையதாயிற்று. நாயைக் கண்ட இடத்திலேயே அடித்துக் கொன்று புதைப்பவர், அந்த அறிவையும் உடன் புதைக்கின்றனர்.

குரங்குகள் காட்டிய விடை

வாதத்திற்குக் காரணம் என்ன? சாகாத வைரஸ் சிறிது மருந்தில் எஞ்சியிருந்ததே காரணம் என்று முதலில் பலர் எண்ணினர். பாஸ்டரின் மருந்தில் இது நிகழக்கூடியதே. ஆனால் செம்பிளின் கொல்லப்பட்ட வைரஸிலும் வாதம் தொடர்ந்தது. இறந்தோர் மூளையைச் சோதித்தபொழுது வெறிநோய்க்கே உரிய அடையாளங்கள் காணப்படவில்லை. மாறாக, சிறு சிரைகளைச் சுற்றி வெள்ளணுக்கள் குழுமியிருந்தன. அவ்விடங்களில் மயலின் உறை மட்டும் கரைந்திருந்தது. நரம்பு இழைகளோ பெரும்பாலும் எஞ்சியிருந்தன.

நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் இதற்கு விடை காண முற்பட்டார். வைரஸ் சிறிதும் கலவாத, நோயற்ற முயலின் மூளைச் சாற்றை மட்டும் அவரும் அவர்தம் துணைவரும் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பத் தசையிற் செலுத்தினர். 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் குரங்குகளுள் இரண்டு நோயுற்றன. 1935-ஆம் ஆண்டின் ஆய்வில் எட்டில் ஏழு நோயுற்றன. அவற்றின் மூளையிலும் அதே வகையில் மயலின் கரைந்திருந்தது. வைரஸே இல்லாதபொழுதும் நோய் தோன்றியமையால், குற்றவாளி வைரஸ் அன்று, மூளைப் பொருளே என்பது புலனாயிற்று. 1947-ஆம் ஆண்டளவில் எல்வின் கபாட் முதலியோர், எண்ணெயும் மடிந்த காசநோய்க் கிருமியும் கலந்த கலவையில் மூளைப் பொருளைக் குழைத்துச் செலுத்தி, சில ஊசிகளிலேயே இந்நோயை உண்டாக்கினர். இன்றும் பன்முகத் தடிப்பு நோய் போன்றவற்றிற்கு மருந்து தேடுவோர் இச்சோதனை விலங்குகளையே பயன்படுத்துகின்றனர். வெறிநாய் ஊசியால் வாதமுற்ற பெயரறியா ஏழைகளிடமிருந்தே இத்துறை தொடங்கியது என்பதை மருத்துவ நூல்கள் ஒரு வரியில் கூறிக் கடந்து போவது எமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இந்தியாவில் கார்பாலிக் அமிலத்திற்குப் பதிலாகப் பீட்டா புரோப்பியோலாக்டோன் என்னும் வேதிப்பொருளால் வைரஸைக் கொல்லும் முறை பின்னர் வந்தது. மருந்தின் வலிமை கூடியது. ஊசிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆயினும் அம்மருந்தாலும் நரம்பு வாதம் வந்ததை, பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிலையத்தின் மருத்துவர்கள் 1984-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். வியப்பில்லை; கொல்லும் முறை மாறிற்று, மூளை மாறவில்லை.

எஞ்சிய ஐயத்தை நீக்கியவர் பாங்காக்கைச் சேர்ந்த திரவத் ஹேமசுதா. அவரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும் செம்பிள் ஊசியால் வாதமுற்ற தாய்லாந்து நோயாளிகளின் இரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதித்து, மயலினிலுள்ள அடிப்படைப் புரதம் என்னும் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் அவற்றில் மிகுந்திருப்பதை 1987-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அப்புரதம் மூளையிலும் உண்டு. உடலெங்கும் பரவிய வெளி நரம்புகளிலும் உண்டு. ஒருவருக்கு மூளை அழற்சியும் மற்றொருவருக்குக் கால் நரம்பின் தளர்ச்சியும் ஒரே ஊசியால் வந்தது ஏன் என்பதற்கு இது விளக்கம் தருகின்றது. ஆட்டின் புரதமும் மனிதனின் புரதமும் பெரிதும் ஒத்தவை. ஆட்டு மயலினை எதிர்க்கக் கற்ற வெள்ளணு, மூளையின் தடுப்பைக் கடந்து உள்ளே சென்றதும், தன் மயலினையே பகையென்று கொண்டது.

மூளையில்லாத ஊசி

காரணம் தெரிந்த பின் மாற்றுக்கு வழி பிறந்தது. மயலின் இல்லாத மூளை உண்டா என்று சிந்தித்தனர் சிலி நாட்டின் புவென்சாலிடா, பலாசியோஸ் ஆகிய இருவர். பிறந்து சில நாட்களே ஆன சுண்டெலிக் குஞ்சின் மூளையில் மயலின் இன்னும் படிந்திருப்பதில்லை. அதிலிருந்து அவர்கள் 1955-ஆம் ஆண்டில் மருந்து செய்தனர். தென் அமெரிக்காவில் அது பெரிதும் வழங்கிற்று. வாதம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் முற்றிலும் நீங்கவில்லை. அதன்பின் மூளையையே விடுத்து, கண்ணாடிக் கலங்களில் வளர்க்கும் உயிரணுக்களில் வைரஸைப் பெருக்கும் முறை வந்தது. இவ்வூசிகளில் நரம்புப் பொருள் சிறிதும் இல்லை. ஆகவே பழைய வாதத்திற்கு அவற்றில் இடமில்லை.

நரம்புத் திசு ஊசியைக் கைவிடுமாறு உலகச் சுகாதார அமைப்பு 1984-ஆம் ஆண்டு முதல் வற்புறுத்தி வந்தது. ஆயினும் இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றது 2004-ஆம் ஆண்டின் இறுதியில்தான். காரணம் அறியாமை அன்று, விலையே. ஆட்டு மூளை ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்தது. புதிய ஊசியைக் கடையில் வாங்கவேண்டியிருந்தது. பணம் படைத்தவர் கையில் ஐந்து ஊசியோடு வீடு திரும்ப, தோட்டத் தொழிலாளியின் பிள்ளை வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டது. இருபது ஆண்டுகள் நீடித்த இவ்வேற்றுமையை மருத்துவ வரலாற்றின் ஒரு கறை என்று கூறுவது மிகையாகாது. மறுபக்கத்தையும் கூறவேண்டும். வேறு ஊசி எட்டாத காலத்தில் ஆட்டு மூளை ஊசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. வெறிநாய் கடித்தது உறுதியெனின், ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய வாதத்தை அஞ்சி அதனை மறுப்பது அறிவுடைமையன்று. நலமான நாய் கடித்தவருக்கு அதை வீணே செலுத்தியதே வருந்தத்தக்கது.

விலையின் தடையை உடைத்ததில் ஓர் எளிய கணக்கிற்குப் பங்குண்டு. தசையிற் செலுத்தும் முறையில் அரை மில்லி லிட்டர் புட்டிகள் ஐந்து, அஃதாவது 2.5 மில்லி லிட்டர் மருந்து வேண்டும். தோலின் அடுக்குக்குள்ளேயே இரு கைகளிலும் 0.1 மில்லி லிட்டர் வீதம், கடிபட்ட நாளிலும் 3, 7, 28-ஆம் நாட்களிலும் செலுத்தினால் மொத்தம் 0.8 மில்லி லிட்டர் போதும். இம்முறைக்கு இந்தியாவில் 2006-ஆம் ஆண்டில் இசைவு அளிக்கப்பட்டது. முன்பு ஒருவருக்குச் செலவான மருந்து இப்பொழுது மூவருக்குக் காணும்.

ஆட்டு மூளை ஊசி போய்விட்டது. அதைப் பற்றிய அச்சம் மட்டும் போகவில்லை. வயிற்றில் குத்துவார்கள், வாதம் வரும் என்று அஞ்சி, கடியை மறைக்கும் பிள்ளைகளும், மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ அப்பிக்கொண்டு விஷ வைத்தியரிடம் மட்டும் செல்வோரும் மலையோர ஊர்களில் இன்றும் உள்ளனர். கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுதலும், கையில் போடும் நான்கு தவணை ஊசியும், தோல் கிழிந்து குருதி கசிந்த காயமாயின் அக்காயத்தினுள் செலுத்தும் எதிர்ப்பொருள் மருந்துமே இன்றைய முறை.

ஊசியின்றியும் வரும் நோய்கள்

செம்பிள் ஊசியின் வாதம் மறைந்தாலும், அதே இயல்புடைய நோய்கள் இயற்கையில் உள்ளன. தட்டம்மை கண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றுக்கு, அம்மை இறங்கிய சில நாட்களில் மூளை அழற்சி வருவதுண்டு. சிரைகளைச் சுற்றி மயலின் கரையும் அதே காட்சி அங்கும் தோன்றுகின்றது. வைரஸைத் தாக்கக் கிளம்பிய படை மயலினையும் தாக்குவதே காரணம் என்று கருதுகின்றனர். தட்டம்மைத் தடுப்பூசி இந்நோயையும் சேர்த்தே தடுக்கின்றது.

பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் ஒருங்கே தாக்கும் நோய் ஒன்றில், நீர் கடக்கும் வாயிலாக உயிரணுவில் அமைந்த புரதமே குறியாகின்றது என்று 2005-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் ஜோசப் டால்மாவ் என்பவர், நரம்பணுக்களின் செய்தி ஏற்பிகளை எதிர்ப்பொருள்கள் முடக்குவதால் வரும் ஒரு மூளை அழற்சியை விவரித்தார். இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோயில் உறக்கமின்மை, பிதற்றல், காணாததைக் காணல், வாய் கோணுதல், வலிப்பு என்பன அடுத்தடுத்துத் தோன்றும். பேய் பிடித்ததென்று மந்திரவாதியிடமோ, பித்தென்று அடைத்து வைக்கவோ கொண்டு செல்லப்படுபவர்களுள் இந்நோயாளியும் இருக்கக்கூடும். சிலருக்குச் சூற்பையிலுள்ள கட்டியே தூண்டுதலாகின்றது. கட்டியை அகற்றி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகின்றனர்.

மலையூர்களில் வாழ்வோர் சிறப்பாக அறிந்திருக்க வேண்டியது கில்லன்-பாரே நோய். 1916-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் விவரித்த இந்நோய், செம்பிள் ஊசியால் கால்களிலிருந்து மேலேறிய வாதத்தின் உடன்பிறப்பே எனலாம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் என்னும் கிருமியின் மேற்பொருள் நம் நரம்பிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளை ஒத்திருக்கின்றது. கிருமியை எதிர்க்க எழுந்த எதிர்ப்பொருள் நரம்பிலும் சென்று படிகின்றது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூனா நகரில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டபொழுது, மாசுற்ற நீரும் இக்கிருமியும் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. ஓடை நீரையும் ஊற்று நீரையும் காய்ச்சாமற் பருகும் இடங்களில் இதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

எதிர்ப்பொருள்களைக் குருதியிலிருந்து வடிகட்டி அகற்றுதல், பிறர் குருதியினின்று பிரித்த இம்யூனோகுளோபுலினைச் செலுத்துதல் ஆகிய இரண்டும் கில்லன்-பாரே நோய்க்கு ஏற்ற சிகிச்சைகள். மயலினைக் கரைக்கும் மூளை அழற்சிகளில் பயன்படும் ஸ்டீராய்டு மருந்து இதில் பயன் தருவதில்லை என்பது ஒரு வியப்பு. இச்சிகிச்சைகளும், மூச்சுத் தசைகள் தளர்ந்தால் வேண்டப்படும் செயற்கைச் சுவாசக் கருவியும் பெரிய மருத்துவமனைகளிலேயே கிடைக்கும். பாலக்காட்டு எல்லையோருக்குத் திருச்சூரும் கோயம்புத்தூரும், மூணாறு, குமுளி மக்களுக்குக் கோட்டயமும் தேனியும் மருத்துவக் கல்லூரிகள் உள்ள ஊர்கள். மூணாற்றிலிருந்து மலை இறங்கவே பல மணி நேரமாகும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் கணக்குச் சொல்ல முடியாது. கில்லன்-பாரே நோயின் தளர்ச்சி காலிலிருந்து மார்புக்கு ஏறச் சிலருக்குச் சில நாட்களே போதும். அரிதாகச் சிலருக்கு ஓர் இரவே போதும்.

ஆகவே படியேறத் தடுமாறுகின்றார், இரு கால்களும் ஒருசேரத் தளர்கின்றன என்று கண்டவுடன், நடக்கும் நிலையிலேயே நோயாளியை இறக்கிக் கொண்டு செல்லுதல் நன்று. மூச்சின் நிலையை அறியக் கருவியின்றிச் செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. நோயாளியை ஆழ மூச்சிழுக்கச் செய்து, இடையில் மூச்சு வாங்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என இயல்பான வேகத்தில் உரக்க எண்ணச் சொல்ல வேண்டும். நலமுள்ளவர் முப்பதைக் கடந்து செல்வர். முதல் நாள் முப்பது எண்ணியவர் மறுநாள் இருபதையும் தொடாவிடில், அவரால் பேசவும் நடக்கவும் முடிகின்றதே என்று காத்திருத்தல் கூடாது. வண்டியை உடனே வரவழைத்துவிட வேண்டும்.